கூரை ஒழுக்கும் உறுதிச் செலவும்: வாசகர் கேள்வி–பதில்

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. அது ஓய்ந்த கையோடு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் கூரையில் கை வைக்க உருப்படியாகக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில்தான். அதே மாதங்களில்தான் வரிக் கணக்காண்டும் முடிகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒழுக்கு, மீதி வரி. கட்டடக் கேள்விகளுக்குப் பொறியியலாளரும், பணக் கேள்விகளுக்கு வரி ஆலோசகரும் பதில் தருகிறார்கள்.

● மேல்தட்டு ஸ்லாப் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒழுகுகிறது. போன வருடம் பாஸ் வந்து தார் பூசினார். கீழே சீலிங்கிலும் ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தோம். இரண்டு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. இம்முறை என்ன பூசலாம்?
— எஸ். ப., கொட்டாஞ்சேனை

எதைப் பூசுவது என்பதைப் பிறகு பார்க்கலாம். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்லாப்புக்குள் போன தண்ணீர் வெடிப்போடும் கம்பியோடும் ஓடி, பத்தடி தள்ளிக்கூட சீலிங்கில் தலைகாட்டும். ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசிவிட்டு இறங்குவதால்தான் வருடா வருடம் அதே வேலை.

மழை இல்லாமலே ஒழுகுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். அப்படியென்றால் அது ஸ்லாப் அல்ல, தண்ணீர்த் தாங்கியின் குழாய் மூட்டு அல்லது மேல்மாடிக் குளியலறை. மழைக்கு மட்டும்தான் என்றால் தண்ணீர் கட்டிப் பாருங்கள். வடிகுழாய் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் விட்டு, 24 மணி நேரம் வையுங்கள். ஆனால் ஒன்று: 300 சதுர அடியில் 2 அங்குலத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 1,400 லீற்றர், அதாவது 1.4 தொன். அடியில் கொங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியும் பழைய ஸ்லாப்பில் இதைச் செய்யக்கூடாது. அங்கே ஹோஸால் பகுதி பகுதியாக நனைத்துப் பாருங்கள். தண்ணீர் கட்டியும் ஒழுகவில்லை என்றால் கைப்பிடிச் சுவரை நனையுங்கள். பாதி வீடுகளில் குற்றவாளி, சுவரும் தளமும் சேரும் மூலைதான்.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் எதையும் பூசவேண்டாம். சிமெந்து சேர்ந்த பூச்சு எதுவும் தாரில் ஒட்டாது. தாரின்மேல் பூசியது தாளாக உரிந்து வருவதற்குக் காரணம் அதுதான். பிறகு வெடிப்புகளை 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டித் தூசு தட்டுங்கள். வெயிலுக்கு விரிந்து சுருங்கும் நீள வெடிப்புக்கு பொலியூரிதேன் சீலன்ட். மயிரிழை வெடிப்புக்கு பொலிமர் கலந்த சாந்து போதும். சுவரும் தளமும் சேரும் மூலை முழுவதும் 1:3 சாந்தில் 2 அங்குல வளைவுக் கரை பிடியுங்கள். செங்குத்து மூலையில் பூச்சு மடியும் இடத்தில் மெலிந்து, அங்கேதான் முதலில் கிழியும்.

பூச்சுக்கு, தூளும் திரவமுமாக இரண்டு பகுதியாக வரும் பொலிமர் சிமெந்து வகை போதுமானது. திரவத்தை முதலில் ஊற்றி, தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு, வேகம் குறைந்த ட்ரில்லில் கலக்க வேண்டும். இறுகுகிறது என்று பாஸ் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார், விடாதீர்கள். ஊற்றினால் பூச்சு காய்ந்தபின் தூளாக உதிரும். ஒரு பொதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கலந்தால் இறுகும் பிரச்சினையே வராது. தளத்தை நனைத்து, தேங்கி நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஈரப்பதத்தோடு இருக்கும்போது முதல் கை. அது தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், முதல் கைக்குக் குறுக்குத் திசையில் இரண்டாம் கை. மூலைகளில் இரண்டு கைக்கும் நடுவே பைபர் வலை. சுவரில் ஓர் அடி உயரம் வரையும், வடிகுழாய் வாய்க்கு உள்ளேயும் பூச்சு போக வேண்டும். இரண்டு கைக்கும் சேர்த்து சதுர மீற்றருக்கு 2 கிலோ என்று வைத்தால் 300 சதுர அடிக்கு 55 முதல் 60 கிலோ வரை. முப்பது கிலோவில் முடித்துத் தருகிறேன் என்பவர் ஒரு கைதான் பூசப்போகிறார்.

ஒரு வாரம் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால்தான் மேலே பாதுகாப்புச் சாந்து. வடிகுழாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கினால் எந்தப் பூச்சும் நாள்பட இளகும்.

சீலிங் பெயின்ட் கடைசி வேலை. ஸ்லாப் உலர மூன்று, நான்கு வாரம் விடுங்கள். மேலே ஒழுக்கு இருக்கும்போது கீழே ஈரம் தாங்கும் பெயின்ட் அடிப்பது தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம். கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிரீட்டைத் தட்டுத் தட்டாகப் பெயர்த்துத் தள்ளும்.

● புதுப் பீலி போட்டும் பெரிய மழைக்கு நடுவில் வழிந்து சுவரில் அடிக்கிறது.
— த. ர., தெஹிவளை

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் இடிமழை கொட்டினால் நிமிடத்துக்கு 155 லீற்றர் பீலிக்கு வரும். அதை ஒரே ஒரு குழாய் மூலையில் நின்று இறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நடுவில் வழிகிறது என்றால் ஒன்றில் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது, அல்லது இறங்குகுழாய் போதாது. தாங்கிகள் 2 அடிக்கு ஒன்று இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நூல் பிடித்து மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு வையுங்கள். மற்ற மூலையிலும் ஓர் இறங்குகுழாய் போடுங்கள். பீலி வாயில் நெருக்கமான வலை வைக்க வேண்டாம், மாவிலை இரண்டு விழுந்தாலே மூடிவிடும்.

தொய்ந்த இடத்தில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு உற்பத்தித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வீட்டுக்காரர் பேரில்தான் வரும், பீலி போட்டவர் பேரில் அல்ல.

● வெள்ளவத்தையில் 2 கோடி 50 இலட்சத்துக்கு பிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். இதுதான் எங்கள் முதல் வீடு. முதல் வீட்டுக்கு வரிச் சலுகை உண்டு என்கிறார்கள். வங்கி வட்டியையும் வரியில் கழிக்கலாமாம். உண்மையா?
— கே. எம்., பாமன்கடை

முத்திரை வரியில் முதல் வீடு, மூன்றாவது வீடு என்ற பேதமே இல்லை. அது மாகாண சபைக்குப் போகும் வரி. முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். உங்கள் கணக்கு: 3,000 ரூபாவும், 2 கோடி 49 இலட்சத்துக்கு 9,96,000 ரூபாவும், மொத்தம் 9,99,000. சுருக்கு வழி வேண்டுமென்றால் 4 சதவீதம் போட்டு ஆயிரத்தைக் கழியுங்கள். வழக்கத்தில் வாங்குபவரே கட்டுவார். நொத்தாரிசு கட்டணம் இதற்குப் புறம்பு. அதைப் பேசித் தீர்க்கலாம், முத்திரை வரியைப் பேச முடியாது.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லி ஆலோசனை வரும். வரி கணக்கிடப்படுவது சந்தைப் பெறுமதிக்கு. மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பீட்டை ஏற்காவிட்டால் மீதி உங்களிடம்தான் கேட்கப்படும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் இலாபம் பெருத்துத் தெரியும், அதற்கும் வரி. வங்கியும் உறுதியில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். மூன்று பக்கமும் உங்களுக்கே நட்டம், மிச்சம் பிடிப்பது விற்பவர் மட்டும்.

வட்டிக் கழிவு ஒரு காலத்தில் இருந்தது. வீட்டுக்கடன் வட்டி, மருத்துவம், கல்வி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12 இலட்சம் வரை செலவு நிவாரணம் என்று 2020இல் வந்தது. 2022 டிசெம்பர் 31உடன் போய்விட்டது. பழைய துண்டுப் பிரசுரங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை நம்பித் தவணை கணக்குப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்று: யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்? குடியிருந்தவர் விற்கிறார் என்றால் வற் (பெறுமதி சேர் வரி) பேச்சே இல்லை. கட்டிய நிறுவனத்திடமிருந்து புதிதாக வாங்கினால் 18 சதவீத வற் உண்டு. அடுக்குமாடி வீடுகளுக்கு இருந்த விலக்கு 2022 ஒக்டோபரில் எடுக்கப்பட்டது. 2 கோடி 50 இலட்சத்துக்கு 45 இலட்சம் மேலதிகம். ஆகவே ஒப்பந்தத்தில் 'வற் உட்பட' என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். வாய்ப்பேச்சில் உட்பட, பற்றுச்சீட்டில் நீங்கலாக என்ற கதை நிறைய.

வாங்கியதும் மாநகர சபை வரிப் பதிவேட்டில் பெயரை மாற்றுங்கள். முழு வருட மதிப்பீட்டு வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு. காலாண்டுக் கட்டணத்தை அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம். சிறிய தொகைதான், ஆனால் எல்லா வீட்டுக்காரருக்கும் கிடைப்பது.

● தனியார் நிறுவனத்தில் 14 வருடம். ஊழியர் சேமலாப நிதியில் 40 இலட்சம் இருக்கிறது. வத்தளையில் பழைய வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாமா?
— ஜே. எஃப்., ஹெந்தளை

எடுக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பு, குறைந்தது 3 இலட்சம் நிலுவை, இப்போது வேலையில் இருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் நிலுவையில் 30 சதவீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். உச்சம் 20 இலட்சம். உங்களுக்கு 12 இலட்சம் வரும். காணி வாங்க, வீடு வாங்க, கட்ட, திருத்த, வீட்டுக்கடன் அடைக்க இந்த ஏற்பாடு பொருந்தும். விண்ணப்பம் தொழில் திணைக்களத்துக்கு. அடையாள அட்டையிலும் நிதிக் கணக்கிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் கிடந்து கோப்பு மாதக்கணக்கில் தூங்குவது வழக்கம்.

மற்ற வழி, காசை எடுக்காமல் நிலுவையில் 75 சதவீதம் வரை பிணையாக வைத்து வங்கியில் வீட்டுக்கடன் எடுப்பது. எடுத்த பணம் முதுமைக்கு வட்டியோடு வளராது. பிணை வைத்த பணம் வளரும், ஆனால் தவணை தவறினால் அதிலிருந்து பிடிபடும். மாதத் தவணை தாங்கும் சம்பளம் என்றால் பிணை வழியே மேல் என்பது எங்கள் கருத்து.

வத்தளை என்பதால் பொறியியலாளர் ஒன்று சேர்க்கச் சொல்கிறார். பழைய வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள், மழை விட்ட பின்னேரம் போங்கள். அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், கதவு நிலையின் அடி, மின்மானிப் பெட்டியின் உயரம் மூன்றையும் பாருங்கள். புதுப் பெயின்ட் இடுப்புயரம் வரை மட்டும் தடிப்பாக இருந்தால் காரணம் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டத்தை அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் அடிக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். அவர்கள் சொல்லும் உயரத்தைவிட வாசற்படி குறைவாக இருந்தால், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். காப்புறுதி எடுக்கும்போது தீயோடு வெள்ளமும் புயலும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பத்திரத்தை வாசியுங்கள்.

● கூரைக்கு சோலர் பெனல் போட்டால் வரியில் 6 இலட்சம் கழியும் என்று விற்பனையாளர் சொல்கிறார். கூரை 15 வருட அஸ்பெஸ்டஸ் தகடு. முன்பக்கம் சிறிய ஸ்லாப். போடலாமா?
— ஆர். எஸ்., கல்கிசை

வரி ஆலோசகர்: கழியும், ஆனால் விற்பனையாளர் சொல்லும் விதத்தில் அல்ல. கழிவது வரியிலிருந்து அல்ல, வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து. வீட்டில் பொருத்தி, தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த பெனலுக்கு ஆண்டுக்கு 6 இலட்சம் வரை. கடனில் வாங்கினால் அந்த ஆண்டில் வங்கிக்குக் கட்டியது கணக்கில் வரும்.

மாதம் 2 இலட்சம் சம்பளம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 24 இலட்சம். 2025 ஏப்ரல் முதல் உள்ள 18 இலட்சத் தனிநபர் நிவாரணம் போக, வரிக்கு மிஞ்சுவது 6 இலட்சம். அதற்கு 6 சதவீதம், 36,000 ரூபா. பெனல் நிவாரணத்தால் நீங்கள் மிச்சம் பிடிப்பது அந்த 36,000தான். மாதம் 4 இலட்சம் என்றால் கதை வேறு: 36 சதவீதப் படியில் 5 இலட்சமும் 30 சதவீதப் படியில் 1 இலட்சமும் கழிந்து 2,10,000 ரூபா மிஞ்சும். மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரமோ அதற்குக் குறைவோ என்றால் வரியே இல்லை, சலுகையும் இல்லை.

சம்பளத்திலிருந்து மாதாமாதம் வரியைப் பிடிக்கும் உங்கள் நிறுவனம் இந்த நிவாரணத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை. வருமான அறிக்கை கொடுத்துத் திருப்பிக் கேட்க வேண்டும். கணக்காண்டு மார்ச் 31இல் முடியும், அறிக்கைக்கு நவம்பர் 30 கடைசி நாள். பற்றுச்சீட்டு வரி கட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். வீடு அப்பா பெயரில், மின்பட்டியல் அம்மா பெயரில், பற்றுச்சீட்டு மகன் பெயரில் என்றால் முதலே ஒழுங்கு செய்யுங்கள்.

பொறியியலாளர்: பெனல் இருபது, இருபத்தைந்து வருடம் கிடக்கும் சாமான். அதன் கீழ் இருக்கும் தகடு அதுவரை தாங்குமா என்பதே கேள்வி. 5 கிலோவாட் என்றால் பத்துப் பெனல், ஏறக்குறைய 25 சதுர மீற்றர். பெனலைக் கழற்றாமல் கீழே உள்ள தகட்டை மாற்ற முடியாது. தகட்டின் நுனி உதிர்ந்து, பாசி பிடித்துக் கறுத்திருந்தால் அந்தப் பகுதித் தகட்டை இப்போதே மாற்றுங்கள். சிலாகையும் கைமரமும் ஊசியால் குத்தினால் மெத்தென்று போகிறதா என்றும் பாருங்கள். பாரத்தைத் தாங்குவது மரம், தகடு அல்ல.

ஒழுக்கு வருவது துளையில். கொளுக்கி ஆணியின் துளை அலைத் தகட்டின் முகட்டில் இருக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. துளை ஆணியைவிட 2, 3 மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும், வெயிலுக்குத் தகடு விரிய இடம் வேண்டும். மேலே தடித்த ரப்பர் வாஷர். அது சற்றுப் பிதுங்கும் வரை மட்டும் முறுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் தகடு மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பு முதல் மழைக்குத் தெரியாது, இரண்டாம் வருடம் தெரியும். அஸ்பெஸ்டஸை உலர்ந்தபடி ட்ரில் செய்யவோ கிரைண்டரில் வெட்டவோ விடாதீர்கள். நனைத்துக்கொண்டே துளையிட வேண்டும், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போய்த் தங்கும். தகட்டில் நேரடியாக மிதிக்கவும் கூடாது, சிலாகைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு ஏற வேண்டும்.

முன் ஸ்லாப்பில் போடுவதானால் முதலில் நீர்த்தடுப்பு, பிறகு தண்ணீர் கட்டிச் சோதனை, அதற்கு மேலே கொங்கிரீட் கட்டைகள், கட்டையின்மேல் சட்டம். ஸ்லாப்பைத் துளைத்து நங்கூர ஆணி அடித்தால் மேலே சொன்ன கொட்டாஞ்சேனைக் கதைதான். ஒப்பந்தத்தில் பெனல் உத்தரவாதம், இன்வர்ட்டர் உத்தரவாதம் எல்லாம் இருக்கும். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்ற வரி இருக்காது. அதை எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்றே ஹோஸால் அரை மணி நேரம் நனைத்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

● மகளும் மருமகனும் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், வருகிற நவம்பரில் முதல் வீடு வாங்கிக் குடிபோக இருக்கிறார்கள். அங்கே முதல் வீட்டுக்கு என்ன சலுகை? குளிர்காலம் தொடங்கும் நேரம் வீட்டை எப்படித் தயார் செய்வது? இங்கே எங்கள் பிளாட்டையும் இந்த வருடமே மகள் பெயருக்கு எழுதிவிட நினைக்கிறோம்.
— ம. யோ., பம்பலப்பிட்டி

கடைசி வரிக்கு முதலில் பதில்: நவம்பர் முடியும் வரை எழுதாதீர்கள். வீடு வாங்கும்போது கட்டும் காணி மாற்ற வரியில் முதல் வீட்டுக்காரருக்கு ஒன்ராறியோ மாகாணம் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகரம் 4,475 டொலர் வரையும் திருப்பித் தருகின்றன. ஸ்காபரோ நகர எல்லைக்குள் இருப்பதால் இரண்டும் உண்டு. நிபந்தனை, உலகத்தில் எங்கேயும் எப்போதும் வீடோ வீட்டில் பங்கோ வைத்திருந்திருக்கக் கூடாது. பம்பலப்பிட்டி பிளாட்டின் பாதிப் பங்கும் பங்குதான், சீவிய உரித்து உங்களுக்கு வைத்து எழுதினாலும் பங்குதான். நீங்கள் அன்பாகப் போடும் கையெழுத்து மகளுக்கு அங்கே இந்தச் சலுகையை இல்லாமல் செய்துவிடும். திருமணத்துக்குப் பிறகு மருமகன் பெயரில் இங்கே ஏதாவது இருந்தாலும் இதே சிக்கல். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் குடிபோக வேண்டும். உறுதி பதியும் நேரத்திலேயே வழக்கறிஞர் இதைக் கேட்டு வாங்கலாம்.

மற்றவை கூட்டாட்சி அரசின் சலுகைகள். 2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் ஆளுக்கு வருடத்துக்கு 8,000, வாழ்நாளில் 40,000 டொலர் வரை போடலாம். போடும்போது வருமானத்தில் கழியும், வீட்டுக்கு எடுக்கும்போது வரி இல்லை. கணக்குத் திறந்த வருடத்திலிருந்துதான் இடம் சேரும் என்பதால் இருவரும் இந்த வாரமே திறக்கட்டும், காசு பிறகு போடலாம். ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்திலிருந்து ஆளுக்கு 60,000 வரை வீட்டுக்கு எடுக்கலாம். 15 வருடத்தில் திருப்பிப் போட வேண்டும். போட்ட பணம் 90 நாள் அங்கே கிடந்திருக்க வேண்டும், ஆகவே நவம்பருக்கு எடுக்க ஜூலைக்குள் போட்டுவிடுவது நல்லது. இரண்டு வழியையும் ஒரே வீட்டுக்குச் சேர்த்துப் பயன்படுத்தலாம். இவற்றில் கடந்த நான்கு வருடமும் நடப்பு வருடமும் தன் சொந்த வீட்டில் குடியிருந்தாரா என்பதே பார்க்கப்படும், குடியிருக்காத கொழும்பு பிளாட் இங்கே கெடுக்காது. வரி அறிக்கையில் 31270ஆம் வரியில் 10,000 டொலருக்கான வரவும் உண்டு. அதனால் வரியில் குறைவது 1,500 டொலர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மிகக் கீழ்ப்படி வரி விகிதம் 14 சதவீதமாகிவிட்டதால் 2026க்கு அது 1,400.

இனி வீடு. நவம்பரில் சாவி கிடைக்கும் அன்றே நிலவறைக்குப் போய், வெளிக்குழாய்க்குத் தண்ணீர் போகும் வால்வைத் தேடி மூடட்டும். பிறகு வெளியே குழாயைத் திறந்து விட்டு, உள்ளே வால்வின் பக்கத்தில் இருக்கும் சிறிய மூடியைத் திருகி எஞ்சிய தண்ணீரைச் சொட்ட விட வேண்டும். ஹோஸைக் கழற்றி எடுக்க வேண்டும். உறையாத வகைக் குழாய் என்று விற்றாலும் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே தங்கும். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பருத்துச் சுவருக்குள் குழாயை வெடிக்க வைக்கும். வெடித்தது வசந்தத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

வெப்ப உலையின் வடிகட்டியை முதல் நாளே மாற்றட்டும். அளவு பழையதன் விளிம்பில் அச்சாகியிருக்கும். அம்புக்குறி உலையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு அங்குல வடிகட்டி ஒன்று முதல் மூன்று மாதம். மிளகாய்த்தூள் வறுக்கும் வீட்டுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்கள் உலையின் மூச்சு, பனி கொட்டிய பிறகு அவற்றைச் சுற்றித் தள்ளிவிட வேண்டும். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் வைக்கச் சட்டமே சொல்கிறது.

நம் வீடுகளில் அதிகம் வரும் முறைப்பாடு, யன்னலில் தண்ணீர் வடிந்து கீழ்ச்சட்டம் கறுப்பது. யன்னல் ஒழுகவில்லை. புட்டும் இடியப்பமும் அவித்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வடிகிறது. அவிக்கும்போதும் குளித்த பின் அரை மணி நேரமும் வெளியே காற்றுத் தள்ளும் விசிறி ஓட வேண்டும். கடுங்குளிரில் வீட்டு ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

டிசெம்பர் விடுமுறைக்குக் கொழும்பு வருவதானால் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்து, வெப்பத்தை 15 பாகைக்குக் குறைக்காமல் விட்டுவிட்டு வரட்டும். குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால், தண்ணீரை மூடி வடிக்கவும் இல்லை, தினம் பார்க்க ஆளும் வைக்கவில்லை என்றால், பல காப்புறுதிகள் இழப்பீடு தராது.

● குடியிருக்கும் வீட்டை விற்றுப் பெரிதாக வாங்கப்போகிறோம். இலாபத்துக்கு வரி உண்டா?
— வி. என்., கிரிலப்பனை

2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு மூலதன ஆதாய வரி 15 சதவீதம். ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் நீங்களே குடியிருந்த பிரதான வீடு என்றால் விலக்கு. குடியிருந்ததற்கு மின், தண்ணீர்ப் பட்டியல்களையும் வாக்காளர் பதிவையும் எடுத்து வையுங்கள். விலக்குக் கிடைக்காத காணி ஏதும் சேர்ந்து விற்பதானால், 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே வைத்திருந்ததற்கு அன்றைய சந்தை மதிப்பே அடக்கவிலை. மதிப்பீட்டாளரிடம் அந்தத் திகதிக்கான அறிக்கை எடுங்கள். விற்ற ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும்.

● பெரிய மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. எலக்ட்ரீஷன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்கவா என்கிறார்.
— ந. சு., கொட்டாஞ்சேனை

கொடுக்க விடாதீர்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவதற்குத்தான் அது இருக்கிறது, ஈரமான எங்கோ மின்சாரம் கசிகிறது. சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே போட்டு, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். விழும் வரிசையில் உள்ள கேட் விளக்கு, அழைப்பு மணி, தண்ணீர் மோட்டார், ஒழுகும் சீலிங்கில் உள்ள விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் கேட் விளக்குதான், கீழே துளை இல்லாததால் உள்ளே தண்ணீர் நிற்கும். எல்லாம் கீழே கிடந்தும் விழுகிறது என்றால் நியூட்ரல் கம்பி எங்கோ ஈரச் சுவரைத் தொடுகிறது. சின்ன சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்காது. எலக்ட்ரீஷன் பெட்டியைத் திறந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காப்பு மானியால் (இன்சுலேஷன் டெஸ்டர்) அளக்க வேண்டும். அந்த மானி இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள். கோளாறு சரியான பிறகு, மாதம் ஒருமுறை அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.